மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து அமரும் ஒருநாள் கருத்தரங்கை எப்படி நடத்துவது?

கேள்வி இது: தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகர். மருத்துவர் சங்கமும் வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து, 150 பேருக்கு ஒருநாள் மருத்துவ-சட்டத் தொடர்கல்விக் கருத்தரங்கு நடத்த நினைக்கின்றன. கிரெடிட் (மருத்துவர்கள் தொடர்கல்வியில் பங்கேற்றதற்குக் கிடைக்கும் மணிநேரக் கணக்கு), பேச்சாளர், பணம், ஸ்பான்சர், அரங்கம் எல்லாவற்றுக்கும் எங்கிருந்து தொடங்குவது, எங்கே சொதப்பும்?

இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி கெடுகின்றன. காலையில் ஒரு மூத்த வழக்கறிஞர் மருத்துவ அலட்சியம் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசுவார். மருத்துவர்கள் இறுகிய முகத்தோடு கேட்பார்கள், வழக்கறிஞர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மதியம் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் காய வகைகளைப் பற்றிப் பேசுவார். அப்போது மருத்துவர்கள் கார் எடுத்திருப்பார்கள். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு கூட்டம் நடந்ததுதான் மிச்சம்.

இந்த இரண்டு தொழில்காரர்களும் அன்றாடம் சந்திப்பது காகிதத்தில்தான். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, போஸ்ட்மார்ட்டம் சான்று, ஒப்புதல் படிவம், மரண வாக்குமூலம். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் மூன்று வருடம் கழித்துக் கூண்டில் வைத்துப் பிரிப்பார். அதனால் பேச்சாளர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மாதிரி வழக்குக் கட்டைத் தயார் செய்யுங்கள். நாள் முழுக்க அந்த ஒரே கட்டைச் சுற்றியே ஓடட்டும்.

கட்டு 20 முதல் 24 பக்கம் போதும். கதை எளிமையாக இருக்கட்டும்: இரவில் ஓர் அடிதடி, காயம்பட்டவர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார், ஆறு நாள் சிகிச்சை, பிறகு இறக்கிறார். இப்படி வைத்தால் காயவழக்குக் காகிதங்களும் மரணவழக்குக் காகிதங்களும் ஒரே கட்டில் வந்துவிடும்: ஏ.ஆர். பதிவு, முதல் தகவல் அறிக்கை, எக்ஸ்ரே, காயச் சான்று, விசாரணை அதிகாரியின் வேண்டுகோள் கடிதம், மரண வாக்குமூலம், பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று. பெயர், ஊர், எண் எல்லாம் கற்பனையாக இருக்க வேண்டும். நிஜ வழக்கின் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். மாவட்டம் சின்னது, யார் வழக்கு என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த வழக்கின் வக்கீலே அரங்கில் உட்கார்ந்திருப்பார்.

கட்டுக்குள் வேண்டுமென்றே எட்டுத் தவறுகளைப் புதைத்து வையுங்கள். உதாரணத்துக்கு: தாக்கியவர்கள் ஏ.ஆர். பதிவில் "தெரிந்த 4 நபர்கள்", முதல் தகவல் அறிக்கையில் 6 பேர். ஏ.ஆர். நேரம் இரவு 9.40, எக்ஸ்ரேயில் 9.05. ஒரு தாளில் இடது முன்கை, இன்னொன்றில் வலது. காயத்தின் நீள அகலம் இருக்கும், ஆழம் இருக்காது. எலும்பு முறிவு என்று சான்று சொல்லும், ரேடியாலஜிஸ்ட் அறிக்கை இணைக்கப்பட்டிருக்காது. கொடுங்காயம் (சட்டம் கடுமையானது என்று வகைப்படுத்தும் காயம்) என்று முடிவு எழுதியிருக்கும், ஏன் என்ற காரணம் இருக்காது. காரணம் எழுதியிருந்தால் "20 நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாது" என்ற பழைய கணக்காக இருக்கும். மரண வாக்குமூலத்தின் தொடக்கத்தில் நினைவோடு இருந்தார் என்ற சான்று இருக்கும், முடிவில் இருக்காது.

அந்த 20 நாள் விஷயத்துக்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்கலாம். காயம்பட்டவர் இத்தனை நாள் முடங்கினால் கொடுங்காயம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 320இல் இருந்த 20 நாள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 116இல் 15 நாளாகிவிட்டது. புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. சம்பவம் அதற்கு முன்பு நடந்திருந்தால் பழைய கணக்கு, பின்பு என்றால் புதிய கணக்கு. மருத்துவர் சான்றில் பிரிவு எண் எழுதவே வேண்டாம். காயத்தையும், கொடுங்காயம் என்றால் எதனால் என்பதையும் எழுதினால் போதும். ஆனால் எதனால் என்பதைச் சரியாக எழுத, எந்த நாளுக்கு எந்தக் கணக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மரண வாக்குமூலத் தாளில் விவாதம் சூடாகும். மருத்துவர் சான்று இல்லாவிட்டால் வாக்குமூலமே செல்லாது என்று நம்புகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் (2002) உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதைத் தீர்த்துவைத்தது: பதிவு செய்தவர், சொன்னவர் தெளிவான மனநிலையில் இருந்தார் என்று திருப்தி அடைந்திருந்தால், சான்று இல்லை என்பதாலேயே வாக்குமூலம் வீழ்ந்துவிடாது. அதற்காக மருத்துவர் சான்று எழுதாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. எழுதாவிட்டால் குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் கூடும்.

நிகழ்ச்சியை இப்படி ஓட்டலாம். 9.30க்குத் தொடங்கி முதல் 75 நிமிடம் மேசை வேலை. வட்ட மேசைக்கு எட்டுப் பேர், நான்கு மருத்துவர், நான்கு வழக்கறிஞர், இருக்கை எண் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டால் அவரவர் நண்பர்களோடு உட்கார்ந்துகொள்வார்கள். 150 பேருக்கு 19 மேசை. அதற்குச் சாய்தள ஆடிட்டோரியம் ஒத்துவராது, சமதளக் கூடம் வேண்டும். ஒவ்வொரு மேசையும் தவறுகளைக் கண்டுபிடித்து எழுதட்டும். பிறகு 30 நிமிடம் பொதுவில் பேசலாம். தேநீர் முடிந்து வந்ததும் மாதிரி நீதிமன்றம்.

மாதிரி நீதிமன்றம்தான் இந்த நாளின் உயிர். சேர்த்து 90 நிமிடம் வேண்டும்: முதல் விசாரணை 10, குறுக்கு விசாரணை 20, மறு விசாரணை 5, மீதி முழுக்க அலசல். சாட்சியாக நிற்கும் மருத்துவர் தானாக முன்வந்தவராக, ஓரளவு அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். முதுநிலை மாணவரை ஏற்றி மூத்த வழக்கறிஞரிடம் மாட்டிவிட்டால் சிரிப்பு வரும், பாடம் வராது, அடுத்த வருடம் மருத்துவர்களும் வரமாட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை தாங்கி, எந்தக் கேள்வியை அனுமதிப்பார், எதை நிறுத்துவார் என்று அவ்வப்போது நிறுத்திச் சொல்ல வேண்டும்.

குறுக்கு விசாரணையில் கட்டாயம் வர வேண்டிய கேள்வி: "மேற்படி காயம் கீழே விழுந்தாலும் ஏற்படலாம் என்றால் சரிதானே?" மருத்துவர் பழக்கத்தில் "ஏற்படலாம்" என்று சொல்லி நிறுத்திவிடுவார். எந்தக் காயம் விழுந்தால் வரும், எது அந்த இடத்தில், அந்தத் திசையில், அந்த எண்ணிக்கையில் வராது என்று தொடர்ந்து சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதைப் பேச்சாகச் சொன்னால் யாருக்கும் பதியாது, கூண்டில் நடந்து பார்த்தால் பதியும். அடுத்தது 4 பேரா 6 பேரா என்ற கேள்வி. சிகிச்சையே மருத்துவரின் முதல் கடமை, தாக்கியவர்களின் பட்டியலைச் சரிபார்ப்பது அவர் வேலையல்ல என்பதை வழக்கறிஞர்கள் மருத்துவர் வாயிலிருந்து கேட்க வேண்டும். அந்த வரியை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வழக்கைக் கட்டும் என்பதை மருத்துவர்கள் வழக்கறிஞர் வாயிலிருந்து கேட்க வேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதியது கூண்டில் தமிழில் பதிவாகும் என்பதால், கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தையும் அங்கேயே நடத்திக் காட்டிவிடலாம்.

மதியம் இரண்டு குறுகிய அமர்வு. ஒன்று, பாலியல் வன்முறை, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் பரிசோதனை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 184இன்படி மருத்துவர் அறிக்கையை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், பழைய சட்டத்தில் "தாமதமின்றி" என்று மட்டும்தான் இருந்தது. போக்சோவில் தகவல் தெரிவிக்கும் கடமை (பிரிவு 19), சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும் என்பது (பிரிவு 27), இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022இலும் கண்டித்தது ஆகியவை கட்டாயம் வர வேண்டும். இரண்டாவது, சாட்சி சம்மன். மாற்றலாகிப் போன மருத்துவர் 400 கிலோமீட்டர் தாண்டி வந்து, வாய்தா போட்டதால் திரும்பிப் போகும் கதை எல்லா மருத்துவமனையிலும் உண்டு. ஆவணத்தைத் தயாரித்தவர் மாற்றலாகியிருந்தாலோ ஓய்வுபெற்றிருந்தாலோ, அந்தப் பொறுப்பில் இப்போது இருப்பவரைச் சாட்சியாக அழைக்கவும், காணொலியில் விசாரிக்கவும் பி.என்.எஸ்.எஸ். 336 இடம் தருகிறது. அரசு வழக்கறிஞரையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, நடைமுறையில் இது ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள். நாளின் மிகப் பயனுள்ள அரை மணி அதுவாகத்தான் இருக்கும்.

மருத்துவ அலட்சியத்தை 45 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஜேக்கப் மேத்யூ (2005, அலட்சியம் எப்போது குற்றம்), சமீரா கோலி (2008, நோயாளியின் ஒப்புதல்), சாந்தா (1995, மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டமும்) மூன்றும் போதும். அத்தோடு, அலட்சியத்தால் மரணம் விளைந்தால் மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை, மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று நியாய சன்ஹிதா 106(1) பிரித்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். இதை நீட்டினால் அரங்கம் இரண்டாகப் பிளந்து, அந்த ஊரில் எப்போதோ நடந்த தகராறு மேலே வந்துவிடும்.

இனி கிரெடிட். மருத்துவர்கள் ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதி 1.2.3 சொல்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே தொடர்கின்றன. கிரெடிட் வழங்குவது மாநில மருத்துவக் கவுன்சில். கவுன்சில் தளத்தில் அன்றைய நடைமுறையைப் பார்த்து, குறைந்தது ஆறு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். நிமிடவாரியான நிகழ்ச்சிநிரல், பேச்சாளர்களின் தகுதி, நடத்தும் அமைப்பின் விவரம் எல்லாம் தயாராக இருக்கட்டும். விண்ணப்பத்தில் நிகழ்ச்சிக்குப் பொதுச் சட்டத் தலைப்பு வைத்தால் கேள்வி வரும். "காயச் சான்றும் மருத்துவர் சாட்சியமும்" என்பது போல மருத்துவப் பணியோடு நேராகத் தொடர்புள்ள தலைப்பு வையுங்கள். உத்தரவு கைக்கு வருமுன் அழைப்பிதழில் "இத்தனை கிரெடிட்" என்று அச்சிடாதீர்கள். குறைவாக வந்தால் அன்று காலையில் பதிவு மேசையில் சண்டை நடக்கும்.

வழக்கறிஞர்களுக்கு இப்படிக் கட்டாய மணிக்கணக்கு இங்கே நடைமுறையில் இல்லை. சான்றிதழுக்காக அவர்கள் வரமாட்டார்கள், மாதிரி நீதிமன்றத்துக்கும் வழக்குக் கட்டுக்கும்தான் வருவார்கள். இன்னொரு காரணம் வேண்டுமானால், மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஊனச் சதவீதத்தைப் பற்றி எலும்பியல் மருத்துவர் ஒருவர் 30 நிமிடம் பேசுகிறார் என்று அறிவியுங்கள். இருக்கை நிரம்பும்.

தேதி. ஞாயிறுதான் இருவருக்கும் பொது. இரண்டாம் சனி நீதிமன்ற விடுமுறை என்று ஆசைப்பட்டு வைப்பார்கள், ஆனால் தேசிய லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) பெரும்பாலும் இரண்டாம் சனியில்தான் வரும், விபத்து வழக்கு வக்கீல்கள் மொத்தமும் அங்கே இருப்பார்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்த ஞாயிறுகளில் கூடமும் கிடைக்காது, ஆளும் வராது. மே மாதம் உயர் நீதிமன்ற விடுமுறை, வெளியூர்ப் பேச்சாளர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள்.

அழைப்பில் கவனம் தேவை. பல மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் வழக்கறிஞர் சங்கம் ஒன்றுக்கு மேல் இருக்கும், பெண் வழக்கறிஞர் சங்கம் தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் இணை அமைப்பாளராகப் போட்டால் மற்றவை ஒதுங்கிவிடும். எல்லாத் தலைவர்களின் பெயரையும் அழைப்பிதழில் போடுங்கள், மேடையில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. பணியில் உள்ள நீதிபதி வர வேண்டுமானால் அனுமதிக்கு நேரம் பிடிக்கும், கடிதம் இரண்டு மாதம் முன்பே போக வேண்டும், நடப்பு வழக்கு எதுவும் அவர் இருக்கும் அமர்வில் பேசப்படாது என்று அதில் எழுதுங்கள். அரசு மருத்துவர்களுக்கு ஆன் டியூட்டி அனுமதி வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள், கேஷுவாலிட்டியில் அன்று யார் இருப்பார் என்பதை அவர்கள்தான் தீர்க்க முடியும்.

பணத்துக்கு வருவோம். தோராயமாக, ஒருவருக்குச் சாப்பாடு 300, இரண்டு தேநீர்-பலகாரம் 80, ஃபைலும் அச்சிட்ட கட்டும் 120, சான்றிதழ் 20, ஆக 520 ரூபாய். 150 பேருக்கு 78,000. கூடம் 40,000, ஒலி-திரை 20,000, பேச்சாளர் பயணமும் தங்கலும் 30,000, விண்ணப்பக் கட்டணமும் சில்லறையும் 15,000. மொத்தம் 1,83,000. கட்டணம் 800, முதுநிலை மாணவருக்கும் ஜூனியர் வக்கீலுக்கும் 400 என்று வைத்து, 100 பேர் முழுக் கட்டணமும் 50 பேர் பாதியும் கட்டினால் ஒரு லட்சம் வரும். பற்றாக்குறை 83,000. மருத்துவக் கல்லூரியின் சமதளக் கூடம் வாடகையின்றிக் கிடைத்தால் இந்தப் பள்ளம் ஏறக்குறைய பாதியாகும். முற்றிலும் இலவசம் என்று அறிவிக்காதீர்கள். இலவசத்துக்குப் பதிவு செய்கிறவர் வருவாரா மாட்டாரா என்று கேட்டரிங்காரருக்குச் சொல்ல முடியாது.

அந்தப் பள்ளத்தை மருந்துக் கம்பெனி பணத்தால் நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, மருத்துவர் சங்கங்களும் கல்லூரிகளும் நடத்தும் தொடர்கல்விக்கு உதவுவதை அனுமதிக்கிறது. ஆனால் பேச்சாளர் அல்லாத மருத்துவருக்குப் பயணம், தங்கல் கொடுக்கக் கூடாது, செலவுக் கணக்கைக் கம்பெனி வெளியிட வேண்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், செயலாளரின் கணக்குக்கு அல்ல. பின்திரையில் கம்பெனி பெயர் இருந்தால் நீதிபதி மேடையேறத் தயங்குவார், அது நியாயமான தயக்கம். தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு விற்கிறவர்கள் கட்டாயம் வருவார்கள். வெளியே ஒரு மேசை கொடுங்கள், மைக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர்கள் தங்கள் அலுவலகப் பெயரில் ஸ்பான்சர் செய்வதை ஏற்காதீர்கள். விளம்பரம் செய்யவோ வழக்குத் தேடவோ பார் கவுன்சில் விதி 36 தடை போட்டிருக்கிறது, மாட்டுவது அவர்தான். அழைப்பிதழில் பெயர், சங்கப் பொறுப்பு, அவ்வளவுதான். "அலட்சிய வழக்கு நிபுணர்" போன்ற அடைமொழி வேண்டாம்.

ரகசியம் பற்றி எழுத்திலேயே விதி வகுத்துக் கொடுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதா 72இன்படி குற்றம், குழந்தை என்றால் போக்சோ 23ம் சேரும். பேச்சாளர்கள் காட்டும் போஸ்ட்மார்ட்டம் படங்களில் முகம், பச்சை குத்திய குறி, போலீஸ் எண், மருத்துவமனை எண் எதுவும் தெரியக் கூடாது. முகத்தின் மேல் ஸ்லைடில் கறுப்புப் பெட்டி ஒட்டினால் ஃபைலை வாங்குகிறவர் அதை நகர்த்திவிடலாம், படத்திலேயே வெட்ட வேண்டும். ஒரு வாரம் முன்பே ஸ்லைடுகளை வாங்கி ஒருவர் முழுக்கப் பார்க்கட்டும். நேரலை வேண்டாம், மொபைலில் பதிவு செய்ய வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.

தொடக்க விழா 20 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை ஒன்று, தலைமையுரை ஒன்று. பொன்னாடையும் நினைவுப் பரிசும் மேடையில் பதினைந்து பேருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் மாதிரி நீதிமன்றத்தின் நேரம்தான் பலியாகும். அவற்றை மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம். கல்வி அமர்வு மட்டுமே கிரெடிட் நேரத்தில் சேரும், விழா சேராது என்பதைத் தலைவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் கோபம் வராது.

அன்று காலை பதிவு மேசை குறைந்தது மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். பதிவுப் படிவத்தில் பெயரோடு கவுன்சில் பதிவு எண்ணை வாங்கியிருக்க வேண்டும். வழக்கறிஞர் என்றால் "எம்.எஸ். 1234/2010" வடிவிலான என்ரோல்மென்ட் எண். இனிஷியலை முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர், விரித்து எழுதியவர் என்று பெயர்கள் கலந்து வரும், சான்றிதழுக்குக் கவுன்சில் பதிவில் உள்ளபடியே கேளுங்கள். வேறு மாநிலக் கவுன்சிலில் பதிந்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள், அவர்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். தேநீர் 15 நிமிடத்தில் முடிய வேண்டுமானால் 150 பேருக்கு மூன்று கவுன்டர் வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் அரை மணி போய்விடும். புரட்டாசியில் வைத்தால் சைவம் மட்டும் சொல்லிவிடுங்கள், கணக்கும் சுலபம்.

சான்றிதழைக் காலையில் ஃபைலுக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதினொன்றரைக்கு அரங்கம் பாதியாகிவிடும். கையெழுத்து காலை ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. 4.30க்குக் கருத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ். பாதியில் போனவருக்குப் "பெயர் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிபாரிசு வரும். சேர்த்தால், கையெழுத்து இல்லாத பெயருக்குக் கிரெடிட் கேட்ட சங்கம் என்று அடுத்த விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வருகைப் பட்டியலைக் கவுன்சில் சொன்ன வடிவில் அந்த வாரத்திலேயே அனுப்பிவிட்டு, கையெழுத்துத் தாளின் அசலையும் நிகழ்ச்சிநிரலையும் ரசீதுகளையும் ஒரே ஃபைலில் போட்டுச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். "எனக்குக் கிரெடிட் ஏறவில்லை" என்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் போன் செய்யும்போது அந்த ஃபைல்தான் பதில் சொல்லும்.